கொழிஞ்சாம்பாறை ஸ்பானிஷ் வகுப்பு: ஆண்பால், பெண்பால் பிடிபடாதவர்கள் சேரலாம்

கோவையில் பம்ப் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மெக்சிகோவுக்கும் பெருவுக்கும் மெயில் போட வேண்டியிருப்பதால் ஸ்பானிஷ் தேவைப்பட்டது. வேலந்தாவளம் தாண்டி, கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் ஒரு டீச்சர் வீட்டிலேயே சனி, ஞாயிறு வகுப்பு எடுக்கிறார். மாதம் 1,500 ரூபாய்.

ஸ்பானிஷில் உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. பம்ப் பெண்பால், ‘லா பொம்பா’. மோட்டார் ஆண்பால், ‘எல் மோத்தோர்’. ‘லா’, ‘எல்’ இரண்டும் ஆங்கில ‘the’ மாதிரி பெயருக்கு முன்னால் வரும் சொற்கள். வகுப்பில் பாதிப்பேர் தமிழ், பாதிப்பேர் மலையாளம். நமக்கு வந்தான், வந்தாள், வந்தது என்று வினையே பால் காட்டும். மலையாளத்தில் யார் வந்தாலும் ‘வந்நு’தான். டீச்சர் அங்கிருந்தே தொடங்கினார். தமிழில் ஆளையும் பொருளையும் பார்த்துப் பால் சொல்கிறோம், ஸ்பானிஷில் சொல்லுக்கே பால் இருக்கிறது. ஆள் என்று பொருள்படும் ‘லா பெர்சோனா’ ஆணைக் குறித்தாலும் பெண்பால்தான்.

இந்த வகுப்பின் பெரிய பலம் ஒரு கண்டிப்பு. எந்தப் பெயர்ச்சொல்லையும் தனியாகச் சொல்லக் கூடாது. முன்னால் ‘எல்’ அல்லது ‘லா’, பின்னால் ஓர் அடைமொழி. லா பொம்பா நுயேவா, எல் மோத்தோர் நுயேவோ: புதிய பம்ப், புதிய மோட்டார். அடைமொழியும் சேர்ந்து மாறுவது இப்படித்தான் வாயில் பழகுகிறது. விலைப்புள்ளிக்கு ‘லா கோட்டிசாசியோன்’ என்று இப்போது யோசிக்காமல் எழுதுகிறேன். ‘சியோன்’ என முடியும் இந்த வகைச் சொற்கள் பெண்பால்.

‘ஓ’வில் முடிந்தால் ஆண், ‘ஆ’வில் முடிந்தால் பெண் என்ற விதியை எல்லோரும் சொல்லித்தருவார்கள். இவர் அது உடையும் இடங்களுக்கு நிறைய நேரம் தருகிறார். கை ‘லா மானோ’, நாள் ‘எல் தியா’. கிரேக்கத்திலிருந்து வந்த ‘ப்ரோப்ளேமா’, ‘சிஸ்தேமா’ இரண்டும் ஆண்பால். ‘லா ஃபோத்தோ’ பெண்பால், ஏனென்றால் அது ‘ஃபோத்தோகிராஃபியா’வின் சுருக்கம். தண்ணீர் பாடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ‘அகுவா’ பெண்பால். ஆனால் அழுத்தமான ‘ஆ’வில் தொடங்குவதால், ஒருமையில் ‘லா’வுக்குப் பதில் ‘எல்’ வரும். அடைமொழி மாறாது: எல் அகுவா ஃப்ரியா, குளிர்ந்த தண்ணீர். பன்மையில் ‘லாஸ் அகுவாஸ்’ என்று பழையபடி ஆகிவிடும். போர்டில் மூன்றையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் காட்டியபோது சட்டென்று விளங்கியது.

குறை என்றால், பேச்சுப் பயிற்சி போதாது. ஜெராக்ஸ் நோட்ஸ் மங்கலாக இருக்கிறது, கேட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். டெலே ஏ1 என்ற தொடக்கநிலை ஸ்பானிஷ் சான்றிதழ்த் தேர்வுக்கு மாதிரித் தாள் எதுவும் நடத்துவதில்லை, அதற்காக மட்டும் சேர வேண்டாம். அப்புறம், சனிக்கிழமை வகுப்பில் கூட்டம் அதிகம். சந்தேகம் கேட்க ஞாயிறுதான் வசதி.