நிவாரணத் தார்ப்பாய்: பொருள் தரமானது, கயிறும் ஆணியும் இல்லாமல் அனுப்பாதீர்கள்

போருக்குத் தப்பி ஓடிவரும் குடும்பத்துக்குக் கிடைக்கிற முதல் கூரை பெரும்பாலும் இந்த வெள்ளைத் தார்ப்பாய்தான். ஈழத்தில் தறப்பாள் என்பார்கள். செஞ்சிலுவைச் சங்கங்களின் கூட்டமைப்பு தருவது 4×6 மீட்டர், ஐ.நா. அகதிகள் அமைப்பு தருவது 4×5 மீட்டர்.

பொருளில் குறை சொல்ல இடமில்லை. நடுவில் கறுப்புப் பாலிஎத்திலீன் இழையால் நெய்த துணி, இருபுறமும் வெள்ளைப் பூச்சு. சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிராம் என்பதால் பெரிய ஷீட்டும் ஐந்து கிலோவுக்குள் அடங்கிவிடும். ஒரே ஆள் தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். கறுப்பு இழை இருப்பதால், இரவில் உள்ளே விளக்கு எரிந்தாலும் ஆளின் நிழல் வெளியே விழாது. மறைவே இல்லாத முகாமில் உடை மாற்ற வேண்டிய பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! கடையில் மலிவாகக் கிடைக்கிற மெல்லிய நீல ஷீட்டில் இந்த மறைப்பு கிடையாது, வெயில் பட்டுச் சீக்கிரமே நார் நாராக உதிரும்.

கிழிவது எப்போதும் ஓரத்தில்தான். கண்ணிகளில் மட்டும் கயிறு கோத்துக் கட்டினால் காற்றின் இழுப்பு முழுக்க அந்தச் சில துளைகளில் விழும், ஒரே புயலில் பிய்த்துக்கொண்டு போய்விடும். ஓரத்தை ஒரு சட்டத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, சட்டத்தோடு சேர்த்து ஆணி அடிக்க வேண்டும். மரச்சட்டம் இல்லையா? எலுமிச்சை அளவு உருண்டைக் கல்லை ஷீட்டில் உள்ள தடித்த பட்டையின் மேல் வைத்து, ஷீட்டால் பொதிந்து, கழுத்தில் சுருக்குப் போட்டு இறுக்குங்கள். கண்ணியைவிட நன்றாகத் தாங்கும். வெறும் ஆணி அடித்தால் தலை வழியாகவே ஷீட் உருவிக்கொண்டு வரும். ஆணித்தலைக்கு அடியில் சோடா மூடியோ பழைய டயர்த் துண்டோ கட்டாயம் வேண்டும். மூங்கில் முனை உரசுகிற இடத்தில் துணி சுற்றுங்கள். தொய்வாக விட்டால் படபடத்தே கிழியும். சரிவு 30 பாகைக்குக் குறைந்தால் மழைநீர் குளம்போல் தேங்கி, கூரையே உட்காரும்.

2017 ஆகஸ்டுக்குப் பின் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் மியான்மாரிலிருந்து தப்பி வந்து சேர்ந்த வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில், ஷீட்டுக்கு முன்னால் மூங்கில்தான் காலை வாரியது. பதப்படுத்தாத மூங்கிலை வண்டு துளைத்து மாவாக்கிவிட்டது. சட்டம் இற்றுப்போனால் எவ்வளவு நல்ல தார்ப்பாயும் நிற்காது. அதனால்தான் பிறகு போரான் கரைசலில் ஊறவைத்த மூங்கில் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இரண்டு குறைகளை மறைக்க முடியாது. நண்பகலில் உள்ளே வெந்துபோகும். முக்கோணச் சுவரின் உச்சியில் காற்றுக்கு வழி விடுங்கள். தீயையும் தாங்காது. அதே காக்ஸ் பஜாரின் பாலுகாலி முகாமில் 2021 மார்ச் 22 அன்று பிடித்த தீ, பல்லாயிரம் பேரை மறுபடியும் வெட்டவெளிக்குத் துரத்தியது. அடுப்பு கூரைக்கு வெளியே, தள்ளி இருக்கட்டும்.

நிவாரணத்துக்குச் சேர்த்து அனுப்புகிறவர்கள் கவனிக்க: உள்ளே ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் இடம் என்பது ஸ்பியர் (நிவாரணப் பணிக்கான சர்வதேசக் கையேடு) அளவுகோல். ஐந்து பேருக்கு 17.5. ஒரு ஷீட் கூரைக்கே சரியாகப் போய்விடும், சுவருக்கு இன்னொன்று வேண்டும். செஞ்சிலுவைப் பெட்டியில் இரண்டு ஷீட்டோடு கயிறு, ஆணி, கட்டுக்கம்பி, ரம்பம், சுத்தியல், மண்வெட்டி எல்லாம் சேர்ந்தே வரும். மண்வெட்டி வீண் சுமை என்று எடுத்துவிடாதீர்கள்: சுவர் ஷீட்டின் அடியை ஒரு சாண் மண்ணில் புதைக்கவும், சுற்றிலும் வாய்க்கால் வெட்டவும் அதுதான் வேண்டும். பணம் போதவில்லை என்றால் குடும்பங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு முழுப் பெட்டியாகவே அனுப்புங்கள்.