டக்டக் சத்தத்துக்குப் புது ஷாஃப்ட்டா, பழைய ஷாஃப்ட்டா?

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் அடுக்குமாடி கார்ப்பேட்டையில் (கார் நிறுத்துமிடத்தில்), நான்காவது மாடிக்கு ஏறும் சரிவில்தான் முதலில் கேட்டது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் நன்றாக ஒடித்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் டக், டக், டக். நேராக்கினால் நின்றுவிடும்.

திருப்பத்தில் வரும் சத்தமெல்லாம் ஒன்றல்ல. ரீங்காரம்போல வந்து வேகத்தோடு கூடினால் பெரும்பாலும் வீல் பேரிங். வண்டி நின்ற இடத்திலேயே ஒடிக்கும்போது ‘டொங்’ என்றால் ஸ்ட்ரட் மவுன்ட்டைச் சந்தேகிக்கலாம். பெயிண்ட் அடித்த கார்ப்பேட்டைத் தரையில் டயர் கிறீச்சிடுவது நோயே இல்லை. சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப டக்டக்கும் விரைந்தால், அது வெளிப்பக்க சிவி ஜாயின்ட், அதாவது என்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் சக்கரப் பக்க முனையில் இருக்கும், வளைந்தபடியே சுற்றும் மூட்டு.

இரவு பதினொரு மணிக்குக் காலியாக இருந்த மேல்தளத்தில் மெதுவாக வட்டமடித்தேன். மச்சான் கூடவே நடந்து காதைக் கொடுத்தார். வலப்பக்கம் திரும்பும்போது இடச் சக்கரத்திலிருந்து வந்தது. திருப்பத்தின் வெளிப்பக்கச் சக்கரம்தான் இதில் பொதுவாகச் சத்தம் போடும். டார்ச் அடித்துப் பார்த்தால் ரிம்மின் உட்புறமெங்கும் கருப்பு கிரீஸ் தெறித்திருந்தது. ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டின் மடிப்பில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். கிரீஸ் வெளியே போய், மழைநீரும் மணலும் உள்ளே போய், ஜாயின்ட்டுக்குள் இரும்புக் குண்டுகள் ஓடும் பள்ளங்கள் தேய்ந்துவிட்டன.

பூட் மட்டும் மாற்றுவது சத்தம் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. எனக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. ஜாயின்ட் மட்டும் மாற்றலாம். ஆனால் அதற்கும் ஷாஃப்ட்டைக் கழற்றத்தான் வேண்டும் என்பதால் கூலியில் பெரிதாக மிச்சமில்லை. மிஞ்சியவை இரண்டு: வேறு கம்பெனி தயாரித்த புது ஷாஃப்ட், இல்லாவிட்டால் கழித்த வண்டியிலிருந்து எடுத்த ஒரிஜினல் ஷாஃப்ட்.

சின் மிங் பக்கம் ஒரு பட்டறையில் மெக்கானிக் அண்ணன் விலையைச் சொல்வதற்கு முன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “தம்பி, சிஓஇ இன்னும் எத்தனை மாசம் இருக்கு?”

சிஓஇ என்பது இங்கே கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்; காலம் முடிந்ததும் புதுப்பிக்காவிட்டால் வண்டி அதோடு சாலையை விட்டுப் போக வேண்டும். எனக்கு மிச்சம் பதினான்கு மாதம். புதுப்பிக்கும் எண்ணமும் இல்லை. அந்தக் கேள்வியிலேயே விஷயம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். வேறு ஊரில் உதிரிபாகம் வாங்கினால், வண்டி இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று குத்துமதிப்பாகத்தான் கணக்குப் போட முடியும். இங்கே என் வண்டியின் கடைசி நாள் தேதியோடு எழுதி வைத்திருக்கிறது. பதினான்கு மாதத்தில் கழிக்கப்போகும் வண்டியில் புது ஷாஃப்ட் போட்டால், பாதி உயிரோடு அதையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். அதற்காக யாரும் ஒரு வெள்ளி கூடத் தரமாட்டார்கள்.

அதே சிஓஇயின் இன்னொரு முகம்தான் பழைய சாமானை இங்கே நம்பத்தக்கதாக்குகிறது. பத்து வருடம் ஆனதும் நன்றாக ஓடும் வண்டிகளும் கழிக்கப்படுகின்றன. அதனால் பரவலாக ஓடிய மாடல் என்றால், தேய்ந்து போகாத ஒரிஜினல் ஷாஃப்ட் தேடிக் கிடைக்கும். எனக்குச் சொன்ன விலை: புதியது 360 வெள்ளி, பழையது 170 வெள்ளி, கூலி தனி.

ஆனால் பழையதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது. கையில் பிடித்து முறுக்கிப் பார்த்தேன். லொடலொடவென்று ஆட்டம் இருந்தால் வேண்டாம். முனையில் இருக்கும் பற்களில் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில மாடல்களில், சக்கரத்தின் வேகத்தை அளக்க உதவும் ஏபிஎஸ் பிரேக் வளையம் ஜாயின்ட்டோடு ஒட்டியே வரும். அதன் பல் எண்ணிக்கை மாறினால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். மாட்டுவதற்கு முன் பூட்டையும் கிரீஸையும் புதிதாகப் போடச் சொன்னேன். ரப்பருக்கும் பத்து வயதுதானே! அதற்கு 40 வெள்ளி கூடியது, மறுபேச்சில்லாமல் கொடுத்தேன்.

புதியதற்கு ஆறு மாத வாரண்டி உண்டு, பழையதற்கு ஒரு மாதம்தான். அங்கே புதியது ஜெயிக்கிறது. வேறு கம்பெனி ஷாஃப்ட்டில் சில சமயம் அதிவேகச்சாலையில் அதிர்வு வரும் என்று அண்ணன் சொன்னார். நான் ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் அதை எதிர்க்காரணமாகச் சேர்க்கவில்லை. சிஓஇயைப் பத்து வருடத்துக்குப் புதுப்பிக்கப் போகிறவர் என்றால் நானே புதியதைத்தான் வாங்கச் சொல்வேன். ஐந்து வருடம் என்றால் ஷாஃப்ட்டைக் கையில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மாட்டி ஆறு மாதம் ஆகிறது, இன்னும் எட்டு மாதம் பாக்கி. நான்காவது மாடிச் சரிவில் இப்போது டயர் மட்டும்தான் கிறீச்சிடுகிறது.