கிளவுடோடு இணைந்த சேமிப்பகம்: மூன்று வழிகளில் எது நம் சர்வருக்குப் பொருந்தும்?

சிங்கப்பூரின் ஊபியிலோ காக்கி புக்கிட்டிலோ இயங்கும் ஒரு சிறு நிறுவனத்தின் விண்டோஸ் சர்வரில் இடம் தீர்ந்துவிட்டால், விற்பனையாளர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளையே முன்வைப்பார்கள். அமேசானின் ஸ்டோரேஜ் கேட்வே ஒன்று, மைக்ரோசாஃப்டின் அஸூர் ஃபைல் சிங்க் மற்றொன்று, அலுவலகத்திலேயே ஒரு நாஸ் பெட்டியை (பல கணினிகள் வலையமைப்பு வழியே பகிரும் சேமிப்புப் பெட்டி) வைத்து இரவில் கிளவுடுக்குக் காப்புப்பிரதி அனுப்புவது மூன்றாவது. விலைப்பட்டியலில் இவை ஒன்றுபோலத் தோன்றினாலும், மூலத் தரவு எங்கே இருக்கிறது, இடையில் உள்ள பெட்டி பழுதானால் அந்தத் தரவை வேறு வழியில் படிக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளில் வெகுவாக வேறுபடுகின்றன. ஒரு கிகாபைட்டுக்கு எவ்வளவு என்ற கேள்வியை நான் அவற்றுக்குப் பிறகுதான் கேட்பேன்.

இரண்டாவது கேள்விக்கு இவ்வளவு அழுத்தம் தருவதற்குக் காரணம் ஸ்டோர்சிம்பிள். 2012-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய அந்த நிறுவனத்தின் சாதனம், அடிக்கடி பயன்படும் தரவைத் தன் வட்டுகளில் வைத்துக்கொண்டு, மற்றதைச் சுருக்கி, மறையாக்கம் செய்து மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூருக்கு அனுப்பியது. வேலையை நன்றாகவே செய்தது. ஆனால் கிளவுடில் கிடந்த தரவு ஸ்டோர்சிம்பிளுக்கு மட்டுமே புரியும் வடிவில் இருந்ததால், 2022 டிசம்பர் 31-உடன் அந்தச் சேவை முடிவுக்கு வந்தபோது, வாடிக்கையாளர்கள் தங்கள் சொந்தக் கோப்புகளையே அதற்குரிய கருவிகளைக் கொண்டு பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது.

இந்த அளவுகோலை அமேசானுக்கு வைத்துப் பார்த்தால், ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் இருப்பது தெரியும். வால்யூம் கேட்வே, வட்டை வலையமைப்பு வழியே இணைக்கும் ஐஸ்கஸி என்ற நெறிமுறை மூலம் சர்வருக்குச் சொந்த வட்டுபோலவே தெரியும். இதன் கேஷ் முறையில் (அடிக்கடி பயன்படும் தரவு மட்டும் அலுவலக வட்டில் தங்கும்) ஒரு வால்யூம் 32 டெபிபைட் வரை போகலாம். டேட்டாபேஸ் உள்ளிட்ட பழைய மென்பொருள்களுக்கு இது வசதிதான், ஆனால் தரவு, அமேசானின் கிளவுட் சேமிப்பகமான எஸ்3-இல் உங்களுக்குரிய பக்கெட்டில் (சேமிப்புத் தொகுதியில்) கோப்புகளாகத் தெரியாது. கேட்வே வழியாகவோ ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையின் நகல்) வழியாகவோதான் மீட்க வேண்டும். எஸ்3 ஃபைல் கேட்வேயில் ஒவ்வொரு கோப்பும் பக்கெட்டில் ஒரு தனி ஆப்ஜெக்டாக இருப்பதால், கேட்வே இல்லாவிட்டாலும் எந்த எஸ்3 கருவியாலும் அதைத் திறக்கலாம். கட்டாயம் இல்லாவிட்டால் இரண்டாவதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

அமேசான் முன்பு விற்றுவந்த தனி வன்பொருள் பெட்டி 2025 மே மாதத்துடன் நிறுத்தப்பட்டுவிட்டதால், இப்போது கேட்வேயை விஎம்வேர், ஹைப்பர்-வி, கேவிஎம் போன்ற மெய்நிகராக்க மென்பொருள் மீது மெய்நிகர் இயந்திரமாக நிறுவ வேண்டும். கேஷ் வட்டுக்குக் குறைந்தபட்சம் 150 கிபிபைட் என்று கையேடு சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால் அது சோதனைக்குத்தான் போதும். ஊழியர்கள் எழுதும் வேகத்துக்கு இணைய இணைப்பு ஈடுகொடுக்காதபோது, இன்னும் மேலேற்றப்படாத தரவே கேஷை நிரப்பிவிடும். அதன்பின் கோப்பைச் சேமிக்க முயலும் ஒவ்வொருவரும் காத்திருக்க நேரிடும்.

அஸூர் ஃபைல் சிங்குக்குப் புதிய பெட்டியே தேவையில்லை. ஏற்கெனவே உள்ள விண்டோஸ் சர்வரில் ஏஜென்ட் என்ற ஒரு சிறு மென்பொருளை நிறுவினால் போதும். வட்டில் எப்போதும் இவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும் என்று நாம் குறிப்பிட்டால் (இயல்பான அளவு 20 விழுக்காடு), நெடுநாள் தொடாத கோப்புகளின் உள்ளடக்கம் அஸூருக்குச் சென்றுவிட, பெயரும் அனுமதிகளும் சர்வரிலேயே நிற்கும். அத்தகைய கோப்பின் பண்புகளைத் திறந்தால் அளவு 480 மெகாபைட் என்றும், வட்டில் அது பிடிக்கும் இடம் 0 பைட் என்றும் காட்டும். சர்வர் பழுதானால், புதிய சர்வரை இணைத்ததும் முதலில் கோப்புறைப் பட்டியல் இறங்கி, கோப்புகள் தேவைக்கேற்ப வந்துசேரும். கிளவுடில் இருப்பது சாதாரண ஃபைல் ஷேர் என்பதால் ஸ்டோர்சிம்பிள் சிக்கல் இங்கே எழாது.

குறைகளும் உண்டு. விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் உள்ள வட்டுகளில் மட்டுமே இயங்கும். எல்லாக் கோப்புகளையும் திறந்து படிக்கும் வைரஸ் தடுப்பு மென்பொருளோ பழைய பேக்கப் மென்பொருளோ இருந்தால், மேலே போனதையெல்லாம் ஒரே இரவில் கீழே இழுத்துவிடும். அஸூர் ஷேரில் நேரடியாகச் செய்த மாற்றம் சர்வருக்குத் தெரிய 24 மணி நேரம் வரை ஆகலாம்.

நாஸ் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூலத் தரவு அலுவலகத்திலேயே இருப்பதால் இணையம் துண்டிக்கப்பட்டாலும் வேலை நடக்கும்; காணொளித் தொகுப்பும் கட்டட வரைபடங்களும் செய்பவர்களுக்கு இதுவே ஏற்றது. ஆனால் 8 டெராபைட்டைக் கிளவுடிலிருந்து மீட்க, 1 கிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் ஏறத்தாழ 18 மணி நேரம் பிடிக்கும். அமேசானின் சிங்கப்பூர் வட்டாரத்தில் வெளியேறும் தரவுக்குக் கிகாபைட்டுக்குச் சுமார் 12 அமெரிக்கக் காசு என்று வைத்தால், மீட்புக்கு மட்டும் சுமார் 960 அமெரிக்க டாலர் ஆகும். 2022 ஜனவரியில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் டெட்போல்ட் ரான்சம்வேர், கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைத் தாக்கியதை நினைவில் வைத்து, நாஸை இணையத்தில் நேரடியாகத் திறந்துவிடக் கூடாது.

சட்டம் குறுக்கிடும் இடம் ஒன்று உண்டு. நிறுவும்போது பலர் அதைக் கவனிப்பதில்லை. இரு நிறுவனங்களுக்கும் சிங்கப்பூரில் தரவு நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் அஸூரில் ஜியோ-ரிடண்டன்ட் என்ற தெரிவைத் தேர்ந்தெடுத்தால், தென்கிழக்காசிய வட்டாரத்தின் இணை வட்டாரமான ஹாங்காங்கில் இரண்டாம் பிரதி போய் உட்காரும். வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை எண்களோ சம்பள விவரங்களோ அதில் இருந்தால், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வெளிநாட்டுப் பரிமாற்ற விதி பொருந்தும். ஒரே வட்டாரத்துக்குள் தனித்தனி மண்டலங்களில் பிரதிகளை வைக்கும் ஸோன்-ரிடண்டன்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாப் பிரதிகளும் சிங்கப்பூரிலேயே இருக்கும்.

ஆகவே விண்டோஸ் கோப்புப் பகிர்வே முக்கியத் தேவை என்றால், ஸோன்-ரிடண்டன்ட் சேமிப்புடன் அஸூர் ஃபைல் சிங்கை எடுத்து, அதன்மேல் அஸூர் பேக்கப்பையும் சேர்த்துக்கொள்வதே என் பரிந்துரை. ஒத்திசைவு என்பது காப்புப்பிரதி அன்று, தவறுதலாக அழித்தது மேலேயும் அழிந்துவிடும். லினக்ஸ் சர்வர்கள் கலந்திருந்தால் ஃபைல் கேட்வேயை நாடலாம். எதை எடுத்தாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இடையிலுள்ள பெட்டியை அணைத்துவிட்டு ஒரு பழைய இன்வாய்ஸை வேறு கணினியில் திறந்து காட்டும்படி விற்பனையாளரிடம் கேளுங்கள்.