பழைய எட்சிங் தண்ணி: ஃபெரிக்குக்கே உயிர் கொடுக்கலாமா, காப்பர் குளோரைடுக்கு மாறிடலாமா?

வீட்டுல பிசிபி, அதாவது எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு, போடுற எல்லாருக்கும் ஒரு கட்டத்துல வர்ற கேள்விதான், போர்டுல வேண்டாத காப்பரை அரிச்செடுக்க (அதான் எட்சிங்) டப்பால வச்சிருக்க ஃபெரிக் குளோரைடு கறுத்துப்போயி காப்பர் கரையவே மாட்டேங்குது, இப்ப என்ன பண்றதுன்னு. நான் காப்பர் குளோரைடுக்கு மாறிட்டேன், அதனால அந்தப் பக்கம்தான் சாஞ்சு பேசுவேன்.

ஃபெரிக் ஆரம்பிக்க சுலபம், தண்ணில கலந்தா போதும், புகையும் கம்மி, கறை மட்டும் துணியில பட்டா போகாது. இன்னொரு எட்சிங் கெமிக்கலான சோடியம் பெர்சல்ஃபேட்டை சூடு பண்ணி வேலை வாங்கணும், தீந்தா தீந்ததுதான்.

செத்த ஃபெரிக்ல கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் ஆசிடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் விட்டா இரும்பு பழைய நிலைக்கு வந்துடும், திரும்ப அரிக்கும். ஆனா கரைஞ்ச காப்பர் எங்கயும் போகல, உள்ளயேதான் சேருது. ரிவைவ் பண்ணப் பண்ண அது பாதி காப்பர் குளோரைடாவே ஆயிடுது, அப்புறம் இரும்பு எதுக்கு? ரொம்ப நாள் அப்படியே ஓட்டிப் பாத்த அனுபவம் எனக்கு இல்ல, ஓட்டினவங்க சொன்னா கேட்டுக்கிறேன்.

காப்பர் குளோரைடு அப்படி இல்ல, ஆசிட், பெராக்சைடு, கொஞ்சம் காப்பர் துண்டு போட்டு ஆரம்பிச்சுட்டா அப்புறம் காத்துதான் சாப்பாடு. பளிச்சுன்னு பச்சையா இருந்தா நல்லா இருக்கு, பழுப்பு கலந்து இருண்டுச்சுன்னா களைச்சுப் போச்சு, மீன் தொட்டி ஏர் பம்பை ஓட விட்டா காத்துல இருக்க ஆக்சிஜனே திரும்ப பச்சையாக்கிடும். போர்டு மேல வெள்ளையா படிஞ்சா ஆசிட் குறைஞ்சிருக்குன்னு அர்த்தம், கொஞ்சம் விடுங்க. ஃபெரிக்ல எதுவும் தெரியாது, இதுல போர்டு எவ்வளவு அரிச்சிருக்குன்னு கண்ணால பாக்கலாம். குறை என்னன்னா ஆசிட் ஆவி, பக்கத்துல இருக்க ஸ்பேனர் ஸ்க்ரூடிரைவர் எல்லாம் துருப்பிடிக்கும், கொல்லையில கீத்துக் கொட்டாய்லதான் வைக்கணும், ப்ளீச்சிங் பவுடர் கிட்டயே வரக்கூடாது, கலந்தா குளோரின் வாயு வரும்.

ஆனா என்னை மாத்துனது இதெல்லாம் இல்ல, கொட்டுற பிரச்சனைதான். கும்பகோணம், மன்னார்குடி பக்கம் கொல்லையில ஊத்துற தண்ணி எங்க போகும்? வடிகாலுக்கு, அங்கேருந்து வாய்க்காலுக்கு, அடுத்து வயலுக்கோ குளத்துக்கோ. வெத்தலைக் கொடிக்காலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேந்த போர்டோ கலவை அடிக்கிறவங்களுக்குத் தெரியும், மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) குளத்துல இறங்குனா மீனுக்கு ஆகாது. நம்ம எட்சிங் தண்ணிலயும் இருக்கறது அதே காப்பர்தான். ஃபெரிக்ல ஒவ்வொரு தடவ சாகும்போதும் மொத்த டப்பாவுக்கும் வழி தேடணும், அதுல இரும்புச் சேறு வேற. காப்பர் குளோரைடுல தண்ணி அப்படியே இருக்கும், போர்டுக்குப் போர்டு காப்பர் சேர்றதால அளவு மட்டும் மெல்ல ஏறும், மிஞ்சினதை மட்டும் எடுத்தாப் போதும். அதுல சலவை சோடாவை கொஞ்சம் கொஞ்சமா போட்டா நல்லா நுரைக்கும், அப்புறம் பச்சை நீலமா அடியில தங்கிடும், அந்தச் சேறைக் காயவச்சு பாட்டில்ல பூட்டி வச்சிருக்கேன், மேல நிக்கிற தண்ணியக்கூட வாய்க்கால்ல விடுறதில்ல.

எப்பவாவது ஒரு போர்டு போடுறவங்க ஃபெரிக்கோடவே இருங்க, இந்தப் பராமரிப்பு உங்களுக்கு வீண். எதுவானாலும் கண்ணாடி, கையுறை போடுங்க, தண்ணில ஆசிடை விடுங்க, ஆசிட்ல தண்ணிய விடாதீங்க, பெராக்சைடு விட்ட உடனே மூடியை இறுக்கிடாதீங்க, வாயு சேந்து பாட்டிலே வெடிச்சுடும்.