ஒன் கட் ஆஃப் தி டெட்டா, ஸ்கினமரிங்கா?

இரண்டுமே சொற்பக் காசில் எடுத்த திகில் படங்கள். ஷினிச்சிரோ உவேடாவின் ஜப்பானிய ஜாம்பிப் படமான ஒன் கட் ஆஃப் தி டெட் (2017) சுமார் 30 லட்சம் யென்னில் முடிந்தது. கைல் எட்வர்ட் பாலின் ஸ்கினமரிங்குக்கு (2022) 15,000 டாலர்தான். கனடாவின் எட்மண்டனில் தான் வளர்ந்த வீட்டிலேயே எடுத்துவிட்டார்.

ஜப்பானியப் படம் 37 நிமிட ஒரே ஷாட்டில் தொடங்குகிறது. நடிகர்கள் திடீரென வெறுமனே நின்று ஏதோ உளறுவார்கள். லென்ஸில் ரத்தம் தெறிக்கும், ஒரு கை வந்து துடைக்கும். 'என்னடா படம் இது' என்று எழுந்துவிடாதீர்கள். அந்தச் சொதப்பல் ஒவ்வொன்றுக்கும் பிற்பாதியில் காரணம் இருக்கிறது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இதற்குமேல் சொன்னால் பாவம்.

ஸ்கினமரிங்கில் முகங்களையே சரியாகக் காட்டுவதில்லை. இரண்டு குழந்தைகள், கதவு ஜன்னல்கள் மறைந்துபோன வீடு, தரையில் சிதறிய பொம்மைகள், இருட்டில் மினுங்கும் டிவி. சுவரின் மூலையை நிமிடக்கணக்கில் வெறிக்க வேண்டும். பாதியில் எனக்குக் கொட்டாவி வந்தது, உண்மைதான். ஆனால் அன்றிரவு ஹால் விளக்கை அணைக்க மனம் வரவில்லை.

நண்பர்கள் கூடினால் முதல் படத்தைப் போடுங்கள். இரண்டாவதைத் தனியாக, ஹெட்போன் மாட்டி, போனைத் தூர வைத்துவிட்டு. எனக்கு ஜாம்பிப் படம்தான் ஒரு படி மேல்.