‘1934 பதிப்பு’ என்று போட்டிருந்தால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள்

பழைய ஆங்கிலப் புத்தகங்களை இணையத்தில் தேடித்தேடி வாங்குகிற பழக்கம் உள்ளவர்கள் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். ஒரே புத்தகத்துக்காக நான்கு மாதத்தில் இரண்டு பேரிடம் ஏமாந்திருக்கிறேன். கட்டிய பணம் 105 டாலர். பணத்தையாவது மறுபடி சம்பாதித்துக்கொள்ளலாம். அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளன்று அவர் கையில் இருந்திருக்க வேண்டிய புத்தகம் போய்ச் சேரவில்லை. அந்த ஆற்றாமைதான் இதை எழுத வைக்கிறது.

புத்தகத்தின் பெயர் ‘சிட்டி எடிட்டர்’. எழுதியவர் ஸ்டான்லி வாக்கர். டெக்சாஸிலிருந்து நியூயார்க் வந்து, ‘ஹெரால்டு டிரிபியூன்’ நாளிதழில் நகரச் செய்திகளுக்குப் பொறுப்பாசிரியராக இருந்தவர். தீ விபத்துக்கு யார், கோர்ட்டுக்கு யார், கொலை நடந்த இடத்துக்கு யார் என்று நிருபர்களை விரட்டிக்கொண்டே இருக்கிற வேலை. அந்த வேலையில் இருக்கும்போதே எழுதினார். 1934-ல் நியூயார்க்கின் ஃபிரெடரிக் ஏ. ஸ்டோக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. முன்னுரை எழுதியவர் அந்தக் காலத்துப் பிரபல விமர்சகர் அலெக்சாண்டர் வுல்காட்.

அப்பா சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் 31 வருஷம் புரூஃப் ரீடராக இருந்தவர். எழுபதுகளில் ஜெமினி பக்கத்து அமெரிக்கன் லைப்ரரியிலிருந்து இந்தப் புத்தகத்தை எடுத்துவந்து, நைட் டூட்டி முடித்த கையோடு விடியவிடியப் படித்தாராம். நாங்கள் கொஞ்சம் வளர்ந்த பிறகு அதிலிருந்து அவர் அடிக்கடி சொன்னது சார்லஸ் சேப்பின் கதை. ‘ஈவினிங் வேர்ல்டு’ பத்திரிகையின் சிட்டி எடிட்டர். நிருபர்களைக் கதற வைத்தவர். 1918-ல் சொந்த மனைவியையே சுட்டுக் கொன்றுவிட்டு, சிங் சிங் சிறைக்குப் போய், அங்கே ரோஜாத் தோட்டம் போட்டு, 1930-ல் அங்கேயே செத்துப்போனார். அப்படிப்பட்டவரைத்தான் சிட்டி எடிட்டர்களிலேயே கெட்டிக்காரர் என்று வாக்கர் எழுதியிருக்கிறார். “மனுஷன் எப்படி இருந்தாலும் தொழிலை மறைக்காம எழுதியிருக்கான் பாரு” என்பார் அப்பா.

அவருக்கு 1934 பிரதிதான் வேண்டும் என்று நான் நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அவர் ஈயத்தில் அச்சுக் கோத்த காலத்து ஆள். ஈய எழுத்தை வரிவரியாக வார்த்துத் தரும் லைனோடைப் இயந்திரம் 1886-ல் முதன்முதலாக ஓடியது ‘நியூயார்க் டிரிபியூன்’ அலுவலகத்தில், அதுதான் பிறகு ‘ஹெரால்டு டிரிபியூன்’ ஆனது என்று இன்றைக்கும் சொல்லிச் சந்தோஷப்படுவார். பழைய புத்தகம் எது கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தைத் தடவுவார். எழுத்து பதிந்த பள்ளம் விரலுக்குத் தட்ட வேண்டும்.

ஜனவரி முதல் வாரம், நிறைய கடைக்காரர்கள் வந்து விற்கும் ஒரு பெரிய தளத்தில் பார்த்தேன். துணி அட்டை போட்ட புத்தகத்தின் படம். ‘1934, கெட்டி அட்டை, வெரி குட்’ என்று குறிப்பு. 64 டாலர். வேறு யாராவது எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அன்றைக்கே கட்டிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் ஜெர்சி சிட்டியில் என் வீட்டு வாசலில் ஒரு உறை கிடந்தது. கையில் எடுத்ததுமே கனம் போதவில்லை என்று தெரிந்துவிட்டது. உள்ளே இருந்தது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1999-ல் போட்ட பேப்பர்பேக். நல்ல பதிப்புதான், அதில் குறை இல்லை. ஆனால் நான் பணம் கட்டியது அதற்கு இல்லையே! கூடவே மடித்து வைத்த ஒரு பில். வேறொரு மாநிலத்தில் இருக்கும் வேறொரு கடையின் பில். பெறுநர் முகவரி என்னுடையது. விலை 11 டாலர் 50 சென்ட்.

அந்த பில்லைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயமே புரிந்தது. என்னிடம் விற்றவர் கையில் புத்தகமே கிடையாது. யாரோ வைத்திருக்கிற சரக்கைத் தன் சரக்கு மாதிரி அதிக விலைக்குப் பட்டியல் போடுவது, ஆர்டர் வந்ததும் கிடைப்பதில் மலிவானதை வாங்கி நேராக நம் முகவரிக்கு அனுப்பச் சொல்வது. இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படமும் அவர் எடுத்ததில்லை.

நான் கவனித்திருக்க வேண்டிய ஒன்று அந்தப் பக்கத்திலேயே இருந்தது. 978 என்று தொடங்கும் ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகக் கொடுக்கிற அடையாள எண். ஐஎஸ்பிஎன் என்பதே 1970 வாக்கில்தான் நடைமுறைக்கு வந்தது. 1934-ல் அச்சான புத்தகத்தில் அது இருக்க வாய்ப்பே இல்லை. பழைய பிரதி என்று சொல்லிவிட்டு ஐஎஸ்பிஎன் போட்டிருந்தால், அந்த விற்பனைப் பக்கம் பின்னாளில் வந்த மறுபதிப்போடு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். எது வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

விற்றவருக்கு எழுதினேன். “உள்ளடக்கம் ஒன்றுதானே, 15 சதவீதம் தள்ளுபடி தருகிறோம், வைத்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். வேண்டாம், திருப்பி எடுங்கள் என்றேன். பிறகு ஒவ்வொரு பதிலும் ஐந்து நாள், ஆறு நாள் கழித்தே வந்தது. விசாரிக்கிறோம், மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம், படம் அனுப்புங்கள், இன்னொரு படம் அனுப்புங்கள். நானும் நம்பி அனுப்பிக்கொண்டே இருந்தேன். திருப்பித் தருவதற்கான கெடு 30 நாள். 31-ஆம் நாள் பார்த்தால் அதற்கான பொத்தானே இல்லை. அன்றையிலிருந்து பதிலும் இல்லை. தயவுசெய்து கடிதப் போக்குவரத்தில் நாளைக் கடத்தாதீர்கள். தப்பான புத்தகம் வந்தால் அன்றைக்கே தளத்தில் முறைப்படி ரிட்டர்ன் போட்டுவிடுங்கள், பேச்சுவார்த்தை பிறகு.

இரண்டாவது ஆளிடம் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். மார்ச் ஆரம்பம். புத்தகம் உங்கள் கையில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டேன். இருக்கிறது என்று அட்டைப் படம் ஒன்று அனுப்பினார். ‘குட்’ என்று தரம் போட்டிருந்தார். 41 டாலர். இந்த முறை நிஜமாகவே 1934 ஸ்டோக்ஸ் பிரதி வந்தது. பிரித்தவுடன் ஈரச் சுவரின் வாடை. முதுகில் எண் ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். பின் அட்டையின் உள்பக்கம், லைப்ரரி கார்டு வைக்கும் பையைப் பிய்த்த இடம் மட்டும் வெளிறிய சதுரமாக, ஓரத்தில் காய்ந்த பசையோடு இருந்தது. நூலகம் கழித்துப்போட்ட பிரதி. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி, அப்பா படித்ததும் லைப்ரரி பிரதிதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அன்று இரவு வீடியோ காலில் அவரிடம் சொல்லிவிட்டேன், சும்மா இருக்க முடியவில்லை. “அந்த ரோஜாத் தோட்டக்காரன் வர்ற இடத்தை எடுத்துப் படிம்மா” என்றார். தேடினேன். இல்லை. பக்க எண்ணைப் பார்த்தால் 16 பக்கம் தாண்டிப் போயிருக்கிறது. ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது, அடுத்த பக்கம் வேறு எதையோ பேசுகிறது. நடுவில் அறுந்த நூல் இரண்டு இழை தொங்குகிறது. நான் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை, “ஒரு பாரம் முழுசா கழண்டு விழுந்திருக்கும்மா” என்றார். அச்சகத்தில் பழகியவர்களுக்குத் தெரியும், ஒரே தாளில் அடித்து மடித்துத் தைக்கிற 16 பக்கம்தான் ஒரு பாரம். கிழித்த தடம் இருக்காது. அதனால் மேலோட்டமாகப் புரட்டினால் கண்ணுக்குத் தப்பிவிடும்.

சந்தேகம் வேண்டாமென்று சனிக்கிழமை ரயில் பிடித்து நியூயார்க் 42-வது தெரு பொது நூலகத்துக்குப் போய், அவர்கள் பிரதியை வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். காணாமல் போன 16 பக்கத்தில்தான் சேப்பின் இருந்தார். வெளியே வந்து 40-வது தெருவுக்கு நடந்தேன். 1966-ல் நின்றுபோன ‘ஹெரால்டு டிரிபியூன்’ கட்டடத்தில் இப்போது நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளி நடக்கிறது. அப்பாவுக்காக அதை ஒரு படம் எடுத்துக்கொண்டேன். சென்னைக்குப் போன தோழியிடம் கடைசியில் அந்தப் படத்தின் பிரிண்ட்டைத்தான் கொடுத்தனுப்ப முடிந்தது.

அந்த ஆளிடம் கேட்டதற்கு, “‘குட்’ என்றால் பயன்படுத்திய புத்தகம் என்றுதான் அர்த்தம், வாங்குமுன் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்” என்று பதில். இது பொய். பழைய புத்தக வியாபாரத்தில் ‘குட்’ என்பது சுமாரான தரம்தான், அடிபட்டுத் தேய்ந்திருக்கலாம், ஆனால் பக்கம் எல்லாம் இருக்க வேண்டும். நூலகப் பிரதி என்றால் அதையும் சொல்லியாக வேண்டும். புத்தகத்தைத் திருப்பி அனுப்பினேன். வழியில் சேதமாகி வந்ததாகச் சொல்லிப் பணத்தைத் தர மறுத்துவிட்டார். இப்போது கிரெடிட் கார்டு வங்கியில் புகார் நடக்கிறது. அமெரிக்காவில் இருப்பவர்கள் கவனிக்க: அந்தத் தொகை முதலில் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் புத்தகத்துக்கு அந்தக் கெடுவையும் நான் தெரியாமல் தாண்டிவிட்டேன்.

போன வாரம் ஒரு பழைய புத்தக வியாபாரிக்கு நேரே போன் போட்டேன். அமெரிக்கப் பழம்புத்தக வணிகர் சங்கத்தில் உறுப்பினர். 1949-லிருந்து இருக்கிற சங்கம் அது, உறுப்பினர்கள் சொன்ன விவரத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர்கள் விதி. பெரியவர் போனை வைக்காமலே புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தார். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தை வாசித்துக் காட்டினார். அட்டை மேல் போடும் காகித ஜாக்கெட் இல்லை, முதுகு வெளுத்திருக்கிறது, முன்பக்கத்தில் யாரோ பேனாவால் பெயர் எழுதியிருக்கிறார்கள் என்று நான் கேட்காததையும் சொன்னார். பக்கம் எண்ணிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார், அரை மணியில் கூப்பிட்டார். 85 டாலர். நேற்று வந்தது. சேப்பின் இருக்கிறார்.

முதல் ஆளின் விற்பனைப் பக்கம் இன்று காலையும் அதே படத்தோடு இருக்கிறது, விலை மட்டும் 72 டாலர் ஆகிவிட்டது. படத்தில் அட்டையின் வலது கீழ் மூலையில் டீ கிளாஸ் வைத்த மாதிரி அரை வட்டக் கறை இருக்கும். அதைப் பார்த்தால் வாங்காதீர்கள்.