மலைப்பாதையும் தார்ச்சாலையும்: ஜிம் வாம்ஸ்லியின் இரு ஓட்டங்கள்

அமெரிக்க நெடுந்தூர மலைப்பாதை வீரர் ஜிம் வாம்ஸ்லி, 2019 ஜூனில் கலிபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் போட்டியை 14 மணி 9 நிமிடம் 28 விநாடிகளில் முடித்து, முந்தைய ஆண்டு தாம் படைத்த சாதனையைத் தாமே முறியடித்தார். எட்டு மாதங்களுக்குப் பின், 2020 பிப்ரவரி 29 அன்று, அட்லாண்டாவில் நடந்த அமெரிக்க ஒலிம்பிக் தேர்வு மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 5 விநாடிகளில் ஓடி 22ஆம் இடம் பெற்றார். அதுவே அவருடைய முதல் மாரத்தான்.

மலையில் அவர் ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 5 நிமிடம் 16 விநாடி எடுத்துக்கொண்டார். சாலையிலோ 3 நிமிடம் 12 விநாடிதான். ஆனால் மலையின் சராசரி பெரிதாக எதையும் சொல்லிவிடாது. செங்குத்தான ஏற்றத்தில் நடக்கலாம், உணவு நிலையத்தில் நின்று தொப்பிக்குள் பனிக்கட்டி போட்டுக்கொள்ளலாம். அங்கே ஆளை வீழ்த்துவது பள்ளத்தாக்குகளின் வெயிலும், நீண்ட இறக்கங்களில் தொடைத்தசைகள் படும் அடியும், வயிறு செய்யும் கலகமும்தான். சாலையில் அத்தகைய சலுகை எதுவும் இல்லை: ஒரே அசைவு, ஒரே வேகம், சற்றே கூட்டினாலும் தசைகளில் லாக்டேட் (கடும் உழைப்பில் தசைகளில் உருவாகும் பொருள்) தேங்கத் தொடங்கும் எல்லையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலான ஓட்டம்.

தேர்வுக்கான அரை மாரத்தான் தகுதி நேரமான 1 மணி 4 நிமிடத்தை அவர் ஹூஸ்டனில் விநாடி பிசகாமல் எட்டியிருந்தார் (ஒரு விநாடி தவறியிருந்தாலும் அந்தத் தகுதி இல்லை). அட்லாண்டாவில் வென்ற கேலன் ரப் எடுத்த நேரம் 2 மணி 9 நிமிடம் 20 விநாடி. இடைப்பட்ட ஐந்தே முக்கால் நிமிடத்தை மலைப்பயிற்சி தரும் தாங்குதிறனால் மட்டும் குறைக்க முடியாது. அதற்குப் பல ஆண்டுகள் சாலை வேகத்திலேயே பழகிய கால்கள் வேண்டும்.